கணினி கேள்வி–பதில்: கசினோ முதலாளி ஏன் திவாலாகிறார்?

கேள்வி: கசினோ நடத்தும் கணினி விளையாட்டு ஒன்றில் 50,000 கையிருப்போடு தொடங்கி, இரண்டு ரூலெற் மேசை போட்டேன். உச்சப் பந்தயம் 1,000. மூன்றாம் நாளே கடை திவால். கசினோக்காரருக்கு நட்டமே வராது என்பார்களே?
– வாசகர், கொக்குவில்

பதில்: வராதுதான், ஆனால் அது வருடக் கணக்கு. உங்களைக் கவிழ்த்தது நாள் கணக்கு.

ரூலெற் என்பது எண் போட்ட குழிகளுள்ள சக்கரத்தில் பந்தை உருட்டி, எந்தக் குழியில் விழும் என்று பந்தயம் கட்டுவது. பூச்சியம் ஒன்று மட்டும் உள்ள சக்கரத்தில் 37 குழிகள். ஓர் எண்ணில் 100 வைத்து அது விழுந்தால், 3,500உம் வைத்த 100உம் கொடுக்க வேண்டும். 37 சுற்றுக்கு 3,700 வாங்கி, சராசரியாக 3,600 கொடுக்கிறீர்கள். மிச்சம் 2.7 சதவீதம். அவ்வளவுதான் உங்கள் சோறு.

இப்போது ஒருவர் ஒரே எண்ணில் 100 சுற்றும் நூறு நூறாக வைக்கிறார் என்று வையுங்கள். போட்டது 10,000. அந்த எண் மூன்றே தடவை விழுந்தால் அவர் கையில் 10,800. மூன்றோ அதற்கு மேலோ விழுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 51 சதவீதம்! பாதிக்கு மேற்பட்ட தடவை நட்டம் உங்களுக்குத்தான். இரண்டு தடவை விழுந்தால் 2,800, ஒன்று விழுந்தால் 6,400, ஒன்றுமே விழாவிட்டால் முழு 10,000 என்று நீங்கள் அள்ளும் நாட்கள்தான் கணக்கை நேராக்குகின்றன. அதுவரை தாக்குப்பிடிக்கக் கையில் காசு இருக்க வேண்டும்.

உங்கள் மேசையில் 1,000 வைத்தவருக்கு ஒரு தடவை விழுந்தாலே 35,000 போய்விடும். இரண்டாவது தடவைக்குக் கடையில் காசு இல்லை. ஆகவே கையிருப்பை 700ஆல் வகுத்து, வருவதையே ஒற்றை எண்ணுக்கு உச்சமாக வையுங்கள். 50,000க்கு அது 70 மட்டில் வரும். அடுத்தடுத்து இருபது தடவை விழுந்தாலும் கடை நிற்கும். குழியின் நிறம் சிவப்பா கறுப்பா என்ற பந்தயத்துக்கு 1,000 வரை விடலாம், அங்கே வென்றவருக்கு வைத்த அளவுதானே கொடுக்க வேண்டும். இரட்டைப் பூச்சியச் சக்கரம் கிடைத்தால் குழி 38, கொடுப்பனவு அதே 35, உங்கள் பங்கு 5.26 சதவீதம்.

இரண்டாவது ரூலெற் மேசையை விற்றுவிட்டு, காசு போட்டுத் தானாக ஆடும் சூதாட்ட இயந்திரமான ஸ்லொட் மெசின் போடுங்கள். ஒரு மணித்தியாலத்தில் 600 தடவை, தடவைக்கு 5 என்றால் புரள்வது 3,000. திருப்பிக் கொடுப்பதை 92 சதவீதத்தில் வைத்தால் 240 மிஞ்சும், பந்து உருட்டச் சம்பளத்துக்கு ஆளும் வேண்டாம். 80க்கு இறக்கினால் இன்னும் கூட வரும் என்று ஆசைப்படாதீர்கள். வந்தவரின் காசு சீக்கிரம் தீர்ந்து முகம் சுளித்துப் போவார். இவ்வகை விளையாட்டுகள் பெரும்பாலும் அந்தச் சுளிப்பையும் கணக்கில் எடுக்கும்.

கேள்வி: 13 வயது மகன் இதை விளையாடலாமா?
– வாசகி, சுன்னாகம்

பதில்: விளையாட்டின் பெட்டியிலோ அதை விற்கும் இணையப் பக்கத்திலோ உள்ள வயது எண்ணைப் பாருங்கள். சூதாடக் கற்றுக்கொடுக்கும் புதிய விளையாட்டுகளுக்கு ஐரோப்பாவின் பெகி தரப்படுத்தல் 2020 முதல் 18 போடுகிறது. 18 என்றிருந்தால் வேண்டாம். குறைவாக இருந்தாலும், உள்ளே உண்மைக் காசுக்கு எதையாவது விற்கிறதா என்று பார்த்து, அவனுடைய விளையாட்டுக் கணக்கிலிருந்து உங்கள் வங்கி அட்டையை எடுத்துவிடுங்கள். 304 என்ற சீட்டாட்டம் ஆடும் வீடென்றால் சீட்டு அவனுக்குப் புதிதாக இராது, காசுதான் புதிது.

கேள்வி: கரண்ட் போய் வந்தபின் சேமித்த ஆட்டம் திறக்க மறுக்கிறது.
– வாசகர், கோண்டாவில்

பதில்: ஆட்டத்தைச் சேமித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனதால் கோப்பு பாதியில் நிற்கிறது. அதைத் திருத்துவது கடினம். இனி ஒரே இடத்தில் சேமிக்காமல் மூன்று பெயர்களில் மாறி மாறிச் சேமியுங்கள். ஒன்று கெட்டாலும் முந்தையது கைகொடுக்கும்.