ரெண்டு பிளஸ் குறியோட விலை

கேள்வி: ஹனிமூனுக்கு மாலத்தீவு போனோம் சார், ரூம் ரேட்ட மட்டும் பாத்து புக் பண்ணிட்டோம், கடைசி நாள் பில்ல பாத்ததும் தலையே சுத்திருச்சு. முன்னாடியே சொல்ல மாட்டாங்களா?

பதில்: ரேட்டுக்குப் பக்கத்துல ரெண்டு பிளஸ் குறி இருந்திருக்குமே, அதான் விஷயமே. ஒன்னு சர்வீஸ் சார்ஜ், பெரும்பாலும் 10 சதவீதம், இன்னொன்னு ஜிஎஸ்டி, 2025 ஜூலைல இருந்து 17 சதவீதம், அதையும் சர்வீஸ் சார்ஜ சேத்த மொத்தத்து மேல போடுவாங்க, ஆக 100 டாலர் ரூம் கிட்டத்தட்ட 129 ஆயிடும். ரிசார்ட்னா ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர் கிரீன் டாக்ஸ்னு சுற்றுச்சூழல் வரி வேற. ரிசார்ட் தீவுக்குக் கூட்டிட்டுப் போற சீப்ளேன், அதான் தண்ணில இறங்குற சின்ன விமானம், அதுக்குக் காசு தனி. டிசம்பர் கடைசில போனீங்கன்னா நியூ இயர் டின்னர்னு ஒன்ன பல ரிசார்ட்ல தலைல கட்டிடுவாங்க, சாப்பிடலைன்னாலும் காசு காசுதான்! அடுத்த தடவை எல்லாம் சேத்து எவ்ளோன்னு மெயில்ல வாங்கிட்டு அட்வான்ஸ் கட்டுங்க.