மேஜிக் கேள்வி – பதில்: பாட்டியின் ஒரு ரூபாய்

கே: உறவினர் வீட்டுப் பிறந்தநாள் விழாக்களில் மேஜிக் செய்கிறேன். கைவேலை சுத்தம் என்கிறார்கள். ஆனால் யாரும் அசந்துபோவதில்லை. விலை உயர்ந்த சாதனங்கள் வாங்கலாமா?
– வாசகர், திண்டுக்கல்

ப: வேண்டவே வேண்டாம். பிரான்சின் மேஜிக் கலைஞர் ராபர்ட்-ஹூடினிடம் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. பெட்டியின் அடியில் இரும்பு, மேடைக்குள் மின்காந்தம்; மின்சாரத்தைப் பாய்ச்சினால் பெட்டியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பாரிசில் அதைப் பெட்டி கனமாகிவிடும் வேடிக்கையாகத்தான் காட்டினார். 1856-இல் பிரெஞ்சு அரசு அவரைத் தன் ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவுக்கு அனுப்பியது. அங்கே கட்டுமஸ்தான ஒருவரை மேடைக்கு அழைத்துத் தூக்கச் சொன்னார், எளிதாகத் தூக்கிவிட்டார். “உன் பலத்தை எடுத்துவிட்டேன், இப்போது தூக்கு” என்றதும் பெட்டி அசையவில்லை. சபை மிரண்டுபோனது. அடிமைப்பட்ட மக்களை அச்சுறுத்த இந்தக் கலையைப் பயன்படுத்தியது எனக்கு இன்றும் கசக்கிறது. ஆனாலும் பெட்டி அதே பெட்டி; சொன்ன கதை வேறு என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் பையிலுள்ள காசு மறைந்தால் யாருக்கு என்ன கவலை? அந்த வீட்டுப் பாட்டியின் சுருக்குப் பையிலிருந்து ஒரு ரூபாய் கேட்டு வாங்குங்கள். அது மறைந்தால் வீடே பதறும். காசை இடக்கைக்கு மாற்றுவதுபோல் காட்டி, வலக்கையிலேயே ஒளித்துக்கொண்டு இடக்கையை மூடியதும் உடனே திறந்துவிடாதீர்கள். உங்கள் பார்வை இடக்கையிலேயே இருக்கட்டும். வலக்கை தளர்ந்து தொங்கட்டும். “பாட்டி, இது வெற்றிலைக்கு வைத்திருந்த காசா?” என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லி முடித்த பிறகு இடக்கை விரல்களை ஒவ்வொன்றாக விரியுங்கள். கடைசியில் காசு பாட்டியின் கைக்கே போய்ச் சேர வேண்டும்.

கே: “இன்னொரு தடவை காட்டு” என்று கேட்டால் மறுக்கலாமா?
– வாசகி, காரைக்குடி

ப: தாராளமாக மறுக்கலாம், முகம் கோணாமல். முடிவு தெரிந்தவர் இரண்டாம் முறை உங்கள் கையை மட்டுமே பார்ப்பார். ராபர்ட்-ஹூடினின் பெயரிலிருந்து தன் மேடைப் பெயரை அமைத்துக்கொண்ட புகழ்பெற்ற மேஜிக் கலைஞர் ஹூடினி, எந்த வித்தையையும் மூன்று முறை பார்த்தால் கண்டுபிடித்துவிடுவேன் என்று சவால் விட்டவர். 1922-இல் சிகாகோவில் டை வெர்னன் என்ற இளைஞர், ஹூடினி கையெழுத்திட்ட சீட்டைச் சீட்டுக்கட்டில் மேலிருந்து இரண்டாவதாகச் செருகினார். அது மேலே வந்து நின்றது. திரும்பத் திரும்பச் செய்தும் ஹூடினியால் பிடிக்க முடியவில்லை. வெர்னனின் விரல்களுக்கு அது முடிந்தது; நமக்கு அந்தத் துணிச்சல் வேண்டாம். குழந்தைகள் விடாமல் கேட்டால், அதே காசை வேறொரு முறையில் மறையுங்கள். அப்படி ஒரு முறை கைவசம் இல்லையென்றால் சீட்டுக்கட்டை எடுத்துக் குலுக்கத் தொடங்குங்கள்.