பழைய கார் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறதா? சில கேள்விகள், பதில்கள்

வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை "எதை மாற்றுவது?" என்றே முடிகின்றன. எதையும் மாற்றுவதற்கு முன், வண்டி எந்த நேரத்தில் அடம்பிடிக்கிறது என்று கவனியுங்கள். பாதி பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

இரண்டு மாதம் ஓட்டாமல் வைத்திருந்தேன். இப்போது எவ்வளவு செல்ஃப் அடித்தாலும் ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரிதான் இறங்குகிறது.

கார்புரேட்டரில் (காற்றோடு பெட்ரோலைக் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் பாகம்) பெட்ரோல் தேங்கும் சின்னக் கிண்ணமான ஃப்ளோட் சேம்பரில் இருந்த பெட்ரோல் ஆவியாகிப் போயிருக்கும். இன்ஜின் சுற்றினால்தான் மெக்கானிக்கல் பம்ப் வேலை செய்யும். அந்தக் கிண்ணம் நிரம்புவதற்குள் பேட்டரி களைத்துவிடுகிறது. பம்பின் அடியில் கையால் அடிக்கும் சின்ன லீவர் இருந்தால், அதை அடித்து நிரப்பிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். டேங்கில் உள்ள பெட்ரோல் வார்னிஷ் மாதிரி வாடை அடித்தால் அதை இறக்கிவிட வேண்டும்.

காலையில் ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆகிறது. ஓட்டிவிட்டுப் பத்து நிமிடம் நிறுத்தினால் மறுபடி எடுக்க மாட்டேன் என்கிறது. கார்புரேட்டரை மாற்றலாமா?

வேண்டாம், பொறுங்கள். இன்ஜினை அணைத்ததும் தண்ணீர் ஓட்டமும் காற்றோட்டமும் நின்றுபோகின்றன. சூடு முழுக்க மேலே ஏறி கார்புரேட்டரில் இறங்குகிறது. பெட்ரோலின் லேசான பகுதி 40 டிகிரியை ஒட்டியே கொதிக்கத் தொடங்கிவிடும். கொதித்த பெட்ரோல் மேனிஃபோல்டில் (கலவை இன்ஜினுக்குள் போகும் குழாய்) வழிந்து, கலவையில் பெட்ரோல் மிதமிஞ்சிப் போகும். அந்த நேரத்தில் சோக்கை (காற்றைக் குறைத்து பெட்ரோலைக் கூட்டும் அடைப்பு) இழுப்பதும், ஆக்சிலரேட்டரை மிதித்து மிதித்து விடுவதும் நிலைமையை இன்னும் கெடுக்கும். பெடலை முழுக்க அழுத்தி அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். காற்று நிறைய போய், தேங்கியது வெளியேறும்.

அப்படியும் எடுக்கவில்லையா? சூடாக இருக்கும்போதே ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் நான் மேலே சொன்ன கதைதான். மேனிஃபோல்டுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் சூடு கடத்தாத தடித்த பேக்கிங் போடுவதும், பெட்ரோல் குழாயை எக்ஸாஸ்டை விட்டு விலக்குவதும் நல்ல பலன் தரும். பிளக் உலர்ந்திருந்தால் பம்பிலிருந்து பெட்ரோல் வருகிறதா என்று பாருங்கள்.

பெட்ரோல் சரியாக இருந்து, பிளக்கில் பொறி மட்டும் மஞ்சளாக, மெலிசாக வந்தால் கண்டென்சரை (பொறிக்கான மின்சுற்றில் உள்ள சின்ன மின்தேக்கி) சந்தேகப்படுங்கள். சூட்டில் செத்து, ஆறியதும் பிழைத்துக்கொள்ளும் கண்டென்சர்கள் உண்டு. பொறிக்கு வேண்டிய உயர் வோல்ட்டைத் தரும் இக்னிஷன் காயிலும் (coil) அப்படிச் செய்யும். பொறி பார்க்கும் இடத்துக்குப் பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது, தயவுசெய்து.

புது பாயிண்ட் போட்ட அன்றிலிருந்து கரண்டே வரவில்லை.

பாயிண்ட் என்பது காயிலுக்குப் போகும் கரண்டைத் திறந்து மூடும் தொடர்பு முனைகள். புது பாயிண்டின் முகத்தில் துருப் பிடிக்காமலிருக்க மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கரண்டைத் தடுக்க அது போதும். சுத்தமான வெள்ளைத் தாளை நடுவில் விட்டு, பாயிண்டை மூடி, மெல்ல இழுங்கள். தாளில் சாம்பல் நிறக் கோடு விழும். கோடு விழுவது நிற்கும் வரை இழுத்துக்கொண்டே இருங்கள். அப்புறம் ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியைப் பாருங்கள். பல நான்கு சிலிண்டர் கார்களுக்கு 0.35 முதல் 0.40 மி.மீ. வரை; உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே இறுதி.

செல்ஃப் அடிக்கும்போது பிடிக்கிறது. சாவியை விட்டதும் அணைந்துவிடுகிறது.

பேலஸ்ட் ரெசிஸ்டரை (காயிலுக்குப் போகும் மின்சாரத்தைக் குறைக்கும் தடை) பாருங்கள். செல்ஃப் அடிக்கும் நேரத்தில் காயிலுக்கு வேறு வழியாக நேரடி மின்சாரம் போகும். சாவியை விட்டதும் ரெசிஸ்டர் வழிதான். அது அறுந்திருந்தால் இப்படித்தான் ஆகும்.

பேட்டரி புதிது. ஆனாலும் இன்ஜின் சோம்பலாகச் சுற்றுகிறது.

வோல்ட் மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும், மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டைதான் குற்றவாளி. பெயிண்ட் அடித்த இடத்தில் போல்ட் முடுக்கியிருப்பார்கள். சுரண்டி, இரும்பு தெரியும்படி முடுக்குங்கள். 6 வோல்ட் வண்டிகளுக்கு இரண்டு மடங்கு ஆம்பியர் வேண்டும், அதனால் கேபிளும் தடிமனாக இருக்க வேண்டும்.

எல்லாம் பார்த்தாகிவிட்டது. இன்னும் சிரமம்தான்.

ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் (உள்ளே காற்று அழுத்தப்படும் அளவு) எடுங்கள். குறைவாக உள்ள சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி எடுங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வில் கோளாறு; முதலில் டேப்பட் இடைவெளியை (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவில் உள்ளது) சரிசெய்து பாருங்கள், ஹெட்டைக் கழற்றுவது அதற்குப் பிறகு.