ஏஓ-7 பேசவில்லையா, நாம் கேட்ட நேரம் தவறா?

கேள்வி: செயற்கைக்கோள்களைக் கேட்கத் தொடங்கி சில மாதங்கள்தான் ஆகின்றன. என்னிடம் கணினியில் செருகிக் கேட்கும் சிறு ரேடியோவான ஒரு ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிளும், 2 மீட்டர் (145 மெகாஹெர்ட்ஸ்), 70 சென்டிமீட்டர் (435 மெகாஹெர்ட்ஸ்) அலைகள் இரண்டுக்கும் பொதுவான, கையில் பிடித்துத் திருப்பும் ஒரு யாகி ஆன்டெனாவும் இருக்கின்றன. பழைய அமெச்சூர் ரேடியோ செயற்கைக்கோளான ஏஓ-7 இன்னும் வேலை செய்கிறது என்று அறிந்து, மூன்று நாள் மாலையில் 145.970 மெகாஹெர்ட்ஸில் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அதே நாட்களில் சிலர் ‘கேட்டது’ என்றும் சிலர் ‘கேட்கவில்லை’ என்றும் தகவல் கொடுத்திருக்கிறார்கள். எஃப்ஓ-29, எஸ்ஓ-50 என்ற வேறு இரண்டு செயற்கைக்கோள்களிலும் இதே குழப்பம். கோளாறு என் பக்கமா, மேலே இருப்பதிலா? எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: உங்கள் கருவியில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. கேட்டதாகச் சொன்னவர்களும் கேட்கவில்லை என்றவர்களும் உண்மையைத்தான் சொல்லியிருப்பார்கள். வயதான செயற்கைக்கோளைப் பற்றி ‘உயிரோடு இருக்கிறதா’ என்று கேட்டால் தெளிவான பதில் கிடைக்காது. எந்த நிலையில் அது பேசும், எந்த நிலையில் பேசாது என்று கேட்க வேண்டும். வெயில், பேட்டரி, உள்ளே இருக்கும் டைமர், தரையிலிருந்து வரும் கட்டளை எல்லாம் சேர்ந்துதான் அதை முடிவு செய்கின்றன. ஒவ்வொரு கிழட்டுச் செயற்கைக்கோளுக்கும் ஒரு தனிக் குணம் உண்டு.

ஏஓ-7-ஐயே எடுத்துக்கொள்வோம். 1974 நவம்பர் 15 அன்று ஏவப்பட்டது. ஆறரை ஆண்டு உழைத்தபின் 1981 நடுவில் பேட்டரி ஷார்ட் ஆகி அடங்கிப்போனது. அத்தோடு கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 21 ஆண்டு கழித்து, 2002 ஜூன் 21 அன்று, பிரிட்டனில் ஒரு ஹாம் (அமெச்சூர் ரேடியோக்காரர்) அதன் மோர்ஸ் ஒலியைத் தற்செயலாகக் கேட்டார். ஷார்ட் ஆகிக் கிடந்த பேட்டரி ஏதோ ஒரு கட்டத்தில் முழுவதுமாக அறுபட்டு ‘ஓப்பன்’ ஆகியிருக்க வேண்டும். ஷார்ட்டாக இருந்தவரை சோலார் பேனல் கொடுத்த மின்சாரத்தையெல்லாம் அதுவே விழுங்கியது. அறுந்ததும் அந்த மின்சாரம் நேராக டிரான்ஸ்மிட்டருக்குப் போய்விட்டது. பேட்டரி முழுவதுமாகச் செத்ததுதான் செயற்கைக்கோளுக்கு உயிர் கொடுத்தது. இதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

எல்லாவற்றுக்கும் இப்படி அதிர்ஷ்டம் அமையாது. 2005-ல் பிஎஸ்எல்வி-சி6 கொண்டுபோன ஹாம்சாட், அதாவது விஓ-52, ஒன்பது ஆண்டு நன்றாக ஓடியது. 2014-ல் அதன் லித்தியம் அயான் பேட்டரி கைவிட்டதும் பணி முடிந்தது.

சரி, பேட்டரியே இல்லாததால் ஏஓ-7-க்கு என்ன ஆகிறது? பூமியின் நிழலுக்குள் போன நொடியில் அணைந்துவிடும். வெயிலுக்கு வந்ததும் புதிதாக விழித்துக்கொள்ளும். விழிக்கும்போது, வெவ்வேறு அலைவரிசையில் பேசும் மோட் ஏ, மோட் பி இரண்டில் எதில் எழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. மோட் பி-யில் இருந்தால் அதன் குரல் 145.925 முதல் 145.975 வரை வரும். பீக்கன், அதாவது செயற்கைக்கோள் தானாக அனுப்பும் அடையாள ஒலி, நீங்கள் காத்திருந்த 145.970-ஐ ஒட்டி, சில கிலோஹெர்ட்ஸ் தள்ளியும் இருக்கலாம். மோட் ஏ-யில் இருந்தாலோ டவுன்லிங்க் (கீழே வரும் அலை) 29.4 முதல் 29.5 மெகாஹெர்ட்ஸ், பீக்கன் 29.502. உங்கள் யாகி 29 மெகாஹெர்ட்ஸுக்கு உதவாது. அந்த மூன்று மாலைகளில் ஏஓ-7 உங்கள் தலைக்கு மேலே மோட் ஏ-யில் நன்றாகப் பேசிக்கொண்டே போயிருக்கலாம். வேறு அலைவரிசையில் காத்திருந்தவர்கள் ‘கேட்டது’ என்று எழுதியிருக்கலாம்.

இதைச் சரிசெய்வது எளிது. கைக்கு இரண்டரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாக இரண்டு கம்பி வைத்து, மொத்தம் ஐந்து மீட்டருக்குள் ஒரு டைபோல் ஆன்டெனா கட்டுங்கள். 24 மெகாஹெர்ட்ஸிலிருந்து வேலை செய்யும் வகை டாங்கிள் என்றால் அதுவே போதும். பாஸ் நேரத்தில், அதாவது செயற்கைக்கோள் நம் வானத்தைக் கடக்கும் நேரத்தில், இரண்டு பீக்கனையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். ஆண்டில் சில மாதங்கள் ஏஓ-7-இன் பாதையில் நிழலே விழாது. அப்போது 24 மணி நேர டைமர் அதை ஒரு நாள் மோட் ஏ, மறுநாள் மோட் பி என்று மாற்றிக்கொண்டே இருக்கும். அந்தக் காலத்தில் இன்று ஏ என்று ஒருவர் சொன்னால், நாளை அதே நேரத்தில் பி என்று ஓரளவு தைரியமாக எதிர்பார்க்கலாம். நிழல் விழும் மாதங்களில் அந்தக் கணக்கு செல்லாது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 115 நிமிடம். ஒவ்வொரு சுற்றிலும் புது ஆட்டம்.

ஆகவே பாஸ் நேரத்தை மட்டும் பார்க்காதீர்கள், அந்த நேரத்தில் செயற்கைக்கோள் வெயிலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஜிபிரெடிக்ட் போன்ற மென்பொருளே இதைக் காட்டிவிடும். நமக்கு மாலையா இரவா என்பது பொருட்டல்ல. 1,450 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், கீழே இருட்டிய பிறகும் அதன் மேல் வெகுநேரம் வெயில் அடிக்கும். அதேபோல, நடு இரவு பாஸில் முதல் பாதி நிழலிலும் மறு பாதி வெயிலிலும் இருக்கலாம். ஒரே பாஸில், கிழக்கே இருப்பவருக்குக் கேட்டதும் மேற்கே இருப்பவருக்குக் கேட்காததும் இப்படித்தான் நேர்கிறது. முரண்படும் தகவல்களைப் பார்த்ததும் யாரோ தவறாக எழுதிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். முதலில் நேரத்தையும் நிழலையும் ஒப்பிடுங்கள். பெரும்பாலான முரண்பாடுகள் அங்கேயே தீர்ந்துவிடும்.

எஃப்ஓ-29-இன் குணம் வேறு. 1996 ஆகஸ்டில் ஜப்பான் ஏவியது. பேட்டரி இருக்கிறது, ஆனால் தளர்ந்துவிட்டது. தாழ்வான சுற்றுப்பாதையில் ஒரு நாளைக்குப் பதினான்கு முறை போலச் சார்ஜ் ஏறி இறங்கும். ஆண்டுக்கு ஐயாயிரம் முறை. இத்தனை ஆண்டு இந்த அடியைத் தாங்கியதே பெரிது. மின்னழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால், உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று டிரான்ஸ்மிட்டரை நிறுத்திவிடும். அப்புறம் ஜப்பானிய அமெச்சூர் ரேடியோ சங்கமான ஜேஏஆர்எல்-இன் கட்டளை நிலையம் மறுபடி இயக்கினால்தான் பேசும். அதனால் இதற்கு வெயில் கணக்கு மட்டும் போதாது; எப்போது இயக்கப் போகிறார்கள் என்று அவர்கள் அறிவிக்கும் நேரத்தையும் பார்க்க வேண்டும். இயக்கிய சிறிது நேரத்தில் கேட்டவர் மகிழ்வார். அடுத்த நிழலைத் தாண்டி வந்தபின் காத்திருந்தவர் ஏமாறுவார். பீக்கன் 435.795-ல், மோர்ஸில் வரும்.

எஸ்ஓ-50 விஷயத்தில் நீங்கள் ஏமாந்ததற்குக் காரணம் இன்னும் சாதாரணமானது. 2002 டிசம்பரில் மேலே போன இதில் பீக்கன் என்று எதுவும் கிடையாது. வரும் குரலைத் திருப்பி அனுப்பும் எஃப்எம் ரிப்பீட்டர் மட்டும்தான். யாராவது 145.850-ல் 74.4 ஹெர்ட்ஸ் டோன் அனுப்பினால் பத்து நிமிட டைமர் ஓடத் தொடங்கும். அதன்பின் 67 ஹெர்ட்ஸ் டோனோடு பேசுபவர் குரல் மட்டும் 436.795-ல் திரும்பி வரும். உங்கள் வட்டாரத்தில் அந்த நேரம் யாரும் அதை எழுப்பவில்லை என்றால் முழு பாஸும் மௌனமாகவே போகும். கேட்க மட்டும் செய்பவர் எஸ்ஓ-50-க்கு ‘கேட்கவில்லை’ என்று எழுதுவதில் பயன் இல்லை என்பது என் கருத்து. உரிமம் உள்ளவர் டோன் அனுப்பிப் பார்த்தும் பதில் இல்லை என்றால்தான் அது தகவல். இன்னொன்று: 1993-ல் ஏவி, பல ஆண்டு மௌனத்துக்குப் பின் திரும்பி வந்த ஏஓ-27-உம் இதே 436.795-ஐத்தான் பயன்படுத்தியது. அந்த அலைவரிசையில் குரல் வந்ததுமே எஸ்ஓ-50 என்று எழுதிவிடாமல், அந்த நிமிடம் மேலே இருந்தது எது என்று சுற்றுப்பாதைக் கணக்கோடு சரிபாருங்கள்.

இனி உங்கள் பக்கம். ‘கேட்கவில்லை’ என்று சொல்லும் உரிமை, அதே நாளில் உங்கள் கருவி வேலை செய்ததற்குச் சான்று இருந்தால்தான் கிடைக்கும். ஒருமுறை நான் வாரக்கணக்கில் ‘கேட்கவில்லை’ என்று குறித்துவைத்த பிறகு, கேபிள் முனையில் கனெக்டர் தளர்ந்திருந்ததைக் கண்டேன். அத்தனை பதிவுகளையும் நீக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து, பழைய செயற்கைக்கோளுக்கு முன்னும் பின்னும் நல்ல குரல் உள்ள ஒன்றைக் கேட்டுப் பார்ப்பேன். 70 சென்டிமீட்டருக்கு ஆர்எஸ்-44-இன் மோர்ஸ் பீக்கன், 435.605. இரண்டு மீட்டருக்குப் பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் 145.825 பாக்கெட் ஒலி, அது இயங்கும் நாட்களில். இவை தெளிவாக வந்து ஏஓ-7 வரவில்லை என்றால் நீங்கள் எழுதும் ‘கேட்கவில்லை’க்கு மதிப்பு உண்டு.

சுற்றுப்பாதைத் தரவையும் புதுப்பித்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் பழசான டிஎல்இ (அந்தத் தரவின் பெயர்) வைத்திருந்தால் பாஸ் நேரமும் டாப்ளரும் (செயற்கைக்கோளின் நகர்வால் அலைவரிசை மாறும் அளவு) தள்ளிப்போகும். பெயரை நம்பாமல் பட்டியல் எண்ணைப் பாருங்கள்: ஏஓ-7-க்கு 7530, எஃப்ஓ-29-க்கு 24278, எஸ்ஓ-50-க்கு 27607.

கேட்டது செயற்கைக்கோள்தானா என்பதையும் உறுதி செய்யலாம். வரும் ஒலிகளைக் கோடுகளாகக் காட்டும் வாட்டர்ஃபால் திரையில் டாப்ளர் திருத்தம் போடாமல் விடுங்கள். செயற்கைக்கோளின் கோடு, வரும்போது கூடுதல் அலைவரிசையில் இருந்து, போகும்போது குறைந்த அலைவரிசைக்கு வளைந்து இறங்கும். 145-ல் மூன்று கிலோஹெர்ட்ஸ் அளவுக்கும் 435-ல் ஒன்பது, பத்து அளவுக்கும் இரு பக்கமும் நகரும். சார்ஜரோ கணினியோ கிளப்பும் இரைச்சல் நேர்கோடாகவே நிற்கும். திருத்தம் போட்டால் நேர்மாறு: செயற்கைக்கோள் நேராகும், இரைச்சல் வளையும். மெல்லிய ஒலி கூடுவதும் குறைவதுமாக இருந்தால் பயப்பட வேண்டாம், அது சுழன்றுகொண்டே போகிறது. ஏஓ-7-இன் மோர்ஸில் நான்கு புள்ளி, பிறகு இரண்டு புள்ளி என்று ஒரு வணக்கம் வரும். 1961 டிசம்பரில் பறந்த முதல் ஹாம் செயற்கைக்கோள் ஆஸ்கர் 1 இந்த வணக்கத்தை மட்டும்தான் அனுப்பியது. அதன் வேகத்தை வைத்தே உள்ளே வெப்பம் எவ்வளவு என்று கணித்தார்கள். 28 நாடுகளிலிருந்து 570-க்கும் மேற்பட்ட ஹாம்கள் கேட்டுத் தகவல் அனுப்பினார்கள். இப்போது நீங்கள் செய்ய விரும்புவதும் அதே வேலைதான்.

தகவல் கொடுக்கும்போது நேரம் யுடிசி-யில் (உலகப் பொது நேரத்தில்) இருக்கட்டும். உங்கள் கிரிட் சதுரம் (இருக்கும் இடத்தைக் காட்டும் குறியீடு), பாஸின் உச்ச உயரம், வெயிலா நிழலா, எந்த அலைவரிசை என்று எழுதுங்கள். கேட்டது பீக்கன் மட்டுமா, டிரான்ஸ்பான்டரில் (குரல்களைத் திருப்பி அனுப்பும் பகுதியில்) மற்றவர் குரலா, உங்கள் குரலே திரும்பி வந்ததா என்பதைப் பிரித்துச் சொல்லுங்கள். மூன்றும் வேறு வேறு நிலைகள். அடிவானத்தை ஒட்டி ஐந்து டிகிரியில், கட்டிடத்துக்குப் பின்னால் போன பாஸுக்கு எதுவும் எழுதாமல் விடுவதே நல்லது. நேரம் ஒத்துவராத நாட்களில், சாட்நாக்ஸ் வலையமைப்பில் உலகெங்கும் உள்ள தானியங்கி நிலையங்கள் பதிவு செய்த வாட்டர்ஃபால் படங்களைப் பார்க்கலாம்.

நாளை உரிமம் எடுத்து அனுப்பத் தொடங்கினால், சக்தியை மிகக் குறைவாக வையுங்கள். ஏஓ-7-க்குத் தாங்கிப் பிடிக்கப் பேட்டரி இல்லை. ஒருவர் பலமாக அழுத்தினால் மின்னழுத்தம் ஆடி, எல்லோர் குரலும் நடுங்கும். அந்த நடுக்கம் கேட்டால் உடனே சக்தியைக் குறையுங்கள். ஏஓ-91 என்ற இன்னொரு செயற்கைக்கோளின் பேட்டரி தளர்ந்தபோது, நிழலில் இருக்கையில் அனுப்ப வேண்டாம் என்று அதைக் கவனித்துக்கொண்டவர்கள் கேட்டுக்கொண்டார்கள். எந்தப் பழைய செயற்கைக்கோளுக்கும் அதே மரியாதையைக் கொடுக்கலாம்.

நிழல் மாதமாக இருந்தால், அடுத்து இதைச் செய்து பாருங்கள். ஏஓ-7 நிழலிலிருந்து பாஸின் நடுவில் வெளியே வரும் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு ஆன்டெனாவையும் தயாராக வைத்து, மென்பொருள் காட்டும் வெயில் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே பதிவு செய்யத் தொடங்குங்கள். ஒன்றுமில்லாத இரைச்சலுக்கு நடுவே பீக்கன் திடீரென்று முளைக்கும். அது 145-லா 29-லா என்றும், எந்த நொடியில் என்றும் எனக்கு எழுதுங்கள்.