முதல்முறை பிசினஸ் கிளாஸில் போகிறீர்களா?

கேள்வி: நான் கும்பகோணத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. லண்டனில் இருக்கும் மகன், சென்னையிலிருந்து துபாய் வழியாக எமிரேட்ஸில் பிசினஸ் கிளாஸ் டிக்கெட் எடுத்திருக்கிறான். தனியாகப் போகிறேன். முன்பு ஒருமுறை சாதாரண வகுப்பில் சிங்கப்பூர் போனதோடு சரி. தனி வரிசை, லவுஞ்ச் என்றெல்லாம் சொல்கிறான். எங்கே போய் என்ன கேட்பது? பருத்திப் புடவையில் போனால் ஒரு மாதிரி பார்ப்பார்களா?

பதில்: புடவைக் கவலையை முதலில் தூக்கிப் போடுங்கள் அம்மா. அங்கே பார்ப்பது போர்டிங் பாஸை மட்டும்தான். நீண்ட பயணத்துக்குப் பருத்திதான் சுகம். வளையல்களை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புச் சோதனையில் கருவி கத்திக்கொண்டே இருக்கும்.

சென்னையில் மூன்று மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். எமிரேட்ஸ் கவுன்ட்டர்களில் 'பிசினஸ் கிளாஸ்' என்று பலகை இருக்கும் வரிசைக்கு நேராகப் போங்கள். பக்கத்தில் அத்தனை பேர் நிற்கும்போது நாம் மட்டும் முன்னால் போவதா என்று கூச்சம் வரும். வேண்டாம், உங்கள் டிக்கெட்டுக்கான வரிசைதான் அது. அங்கேயே மூன்று விஷயம் கேளுங்கள்: துபாயிலிருந்து லண்டனுக்கான போர்டிங் பாஸும் சேர்த்துத் தந்தார்களா, பெட்டி லண்டன் வரை நேராகப் போகிறதா, லவுஞ்ச் (விமானம் புறப்படும்வரை உட்கார்ந்து சாப்பிட, ஓய்வெடுக்க உள்ள தனிக் கூடம்) எந்தப் பக்கம். எத்தனை கிலோ அனுமதி இருந்தாலும் ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது. கைப்பையில் திரவம் 100 மில்லிக்கு மேல் கூடாது என்ற விதியும் எல்லா வகுப்புக்கும் ஒன்றுதான். ஊறுகாய், தேங்காய் எண்ணெய் எல்லாம் பெரிய பெட்டிக்குள் போகட்டும்.

கவனம் தேவைப்படுவது துபாயில்தான். இறங்கியதும் 'கனெக்‌ஷன்ஸ்' என்ற பலகையைப் பார்த்தே நடங்கள். மறுபடியும் ஒரு பாதுகாப்புச் சோதனை இருக்கும். அப்புறம் திரையில் லண்டன் என்று கண்டதும் கிளம்பிவிடாதீர்கள். அங்கிருந்து ஹீத்ரோ, காட்விக், ஸ்டான்ஸ்டெட் என்று லண்டனின் வெவ்வேறு விமான நிலையங்களுக்கே பல விமானங்கள் போகின்றன. போர்டிங் பாஸில் உள்ள விமான எண்ணோடு ஒப்பிட்டு கேட் எண்ணை எடுங்கள். அது ஏ, பி, சி என்ற எழுத்தில் தொடங்கும். அந்த எழுத்துதான் கேட் இருக்கும் பகுதி, அந்தந்தப் பகுதியிலேயே எமிரேட்ஸ் லவுஞ்ச் உண்டு. உங்கள் கேட் இருக்கும் பகுதிக்கு முதலில் போய்ச் சேர்ந்துவிட்டு, அங்குள்ள லவுஞ்சில் உட்காருங்கள்.

உள்ளே சாப்பாடு, காபி, குளியல் எதற்கும் காசு இல்லை. சைவமா என்று சந்தேகம் வந்தால் பரிமாறுபவரிடமே கேட்கலாம். ஆனால் ஒன்று: லவுஞ்சில் பெரும்பாலும் விமான அறிவிப்பு செய்ய மாட்டார்கள். யாராவது வந்து கூப்பிடுவார்கள் என்று சாய்ந்து உட்கார்ந்து விமானத்தைத் தவறவிடுபவர்கள் உண்டு. திரை தெரியும்படி இடம் பிடியுங்கள். கைக்கடிகாரத்தையும் துபாய் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். புறப்படும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே எழுந்து நடங்கள். சில கேட்டுகளுக்கு நடை அதிகம்.

முழங்கால் வலி இருந்தால் சக்கர நாற்காலி வேண்டும் என்று மகனை முன்கூட்டியே பதிவு செய்யச் சொல்லுங்கள். தள்ளிக்கொண்டு வருபவர் பொதுவான காத்திருக்கும் இடத்தில் விட்டுவிடப் பார்க்கலாம். "பிசினஸ் கிளாஸ், லவுஞ்ச்" என்று போர்டிங் பாஸைக் காட்டுங்கள், கொண்டுபோய் விடுவார். எப்போது திரும்ப வந்து அழைத்துப் போவார் என்பதையும் லவுஞ்ச் வரவேற்பு மேசையில் சொல்லி வையுங்கள்.

மகனிடம் இன்றே கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பிசினஸ் கிளாஸிலேயே விலை குறைந்த சில டிக்கெட்டுகளுக்கு லவுஞ்ச் அனுமதி கிடையாது. எடுத்தது எந்த வகை என்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அனுமதி இல்லையென்றால், பணம் கட்டி உள்ளே போகலாமா என்றும் அவனையே முன்னதாக விசாரித்து வைக்கச் சொல்லுங்கள்.