14 வயது டீசல் காருக்கு 38,000 ரூபாய் செலவு செய்யலாமா?

கேள்வி: சார், எனக்கு வயது 44. வீடு மேடவாக்கத்தில், வேலை கிண்டியில். கைக்கு வரும் சம்பளம் 72,000. வீட்டுக் கடன் தவணை 24,000, எஸ்.ஐ.பி. (மாதாந்திர மியூச்சுவல் ஃபண்ட் முதலீடு) 6,000, கார் உட்பட வீட்டுச் செலவு 30,000 போக மாதம் 12,000 வரை மிஞ்சுகிறது. வங்கியில் 3 லட்சம் டெபாசிட் இருக்கிறது. மகள் 11-ஆம் வகுப்பு படிக்கிறாள்.

என்னிடம் இருப்பது 2012 பிப்ரவரியில் வாங்கிய ஸ்விஃப்ட் டீசல். 1,02,000 கி.மீ. ஓடியிருக்கிறது. மாதம் 800 கி.மீ. ஓட்டுகிறேன், லிட்டருக்கு 13 கி.மீ.தான் கிடைக்கிறது. இப்போது கிளட்ச் போய்விட்டது. 41,000-ல் ஒரு முறை, 74,000-ல் ஒரு முறை மாற்றினேன்; இது மூன்றாவது. கிளட்ச் 22,000, சஸ்பென்ஷன் 9,000, டர்போ ஹோஸ், சர்வீஸ் 7,000 என்று மொத்தம் 38,000 கேட்கிறார்கள்.

உண்மையைச் சொன்னால், பள்ளிக்கரணை, வேளச்சேரி டிராஃபிக்கில் ஓட்டி ஓட்டி வெறுத்துவிட்டது. கொஞ்சம் இடைவெளி விட்டால் நாலு பைக் நுழைகிறது, ஆட்டோ குறுக்கே வருகிறது, பின்னால் இருப்பவர் ஹாரனை விடுவதே இல்லை. இடது முட்டி வலிக்கிறது. பழைய காருக்கு 1.6 லட்சம் தருவதாக ஒரு டீலர் சொல்கிறார். அதைக் கொடுத்துவிட்டு 10 லட்சத்தில், கிளட்ச் மிதி இல்லாமல் கியர் தானாக மாறும் புது ஏ.எம்.டி. பெட்ரோல் கார் எடுக்கலாமா? மச்சான் பழைய டீசல் எஸ்.யூ.வி. வாங்கச் சொல்கிறார். டெல்லியைப் போல இங்கும் பத்து வருட டீசல் காரைத் தடை செய்துவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது.

பதில்: பயத்தை முதலில் எடுத்துவிடுவோம். 2015-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் போட்டு, 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த அந்தத் தடை டெல்லிக்கும் அதைச் சுற்றியுள்ள தேசிய தலைநகர்ப் பகுதிக்கும் உரியது. தமிழ்நாட்டில் சொந்த உபயோகக் காரின் பதிவுச் சான்று (ஆர்.சி.) 15 வருடம் செல்லும். அதன் பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். உங்கள் ஆர்.சி. 2027 பிப்ரவரி வரை இருக்கிறது. சென்னையில் 2010 ஏப்ரல் முதலே பி.எஸ்.4 என்ற புகைக் கட்டுப்பாட்டுத் தரத்தில் வந்த வண்டிகள்தான் பதிவானதால், உங்கள் காரும் பி.எஸ்.4 ரகம்தான். டெல்லியை நினைத்து அவசரப்பட்டு விற்க வேண்டாம். அப்படி விற்பவர்களை நம்பித்தான் டீலர்கள் விலையைக் குறைத்துக் கேட்கிறார்கள்.

அடுத்து உங்கள் கிளட்ச். கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த மூன்று எண்களைத்தான். முதல் கிளட்ச் 41,000 கி.மீ. தாங்கியது, இரண்டாவது 33,000, மூன்றாவது வெறும் 28,000. கார் அதேதான், ஓட்டுபவரும் நீங்கள்தான். இடையில் மாறியது சாலையும், அந்தச் சாலையில் உங்கள் பொறுமையும். 22,000 ரூபாயை 28,000 கி.மீ.க்குப் பிரித்தால் கிலோமீட்டருக்கு 79 பைசா வருகிறது. நிதானமாக ஓட்டினால் 70,000 கி.மீ. தாங்கக்கூடிய பாகம் அது. அப்போது 31 பைசாதான் ஆகும். இந்த வித்தியாசம் எந்தப் புதுக் காரை வாங்கினாலும் உங்களோடு சேர்ந்தே வரும்.

இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். என்னிடமும் இதே 1.3 லிட்டர் டீசல் இன்ஜின் போட்ட கார் இருந்தது. ஃபியட் வடிவமைத்த இன்ஜின். ஒரு காலத்தில் மாருதியும் டாடாவும்கூட இதைப் போட்டு விற்றார்கள். 2,000 ஆர்.பி.எம். வந்தால்தான் டர்போ முழுதாக இழுக்கும், அதற்குக் கீழே மந்தமாக இருக்கும். டிராஃபிக்கில் அந்த மந்தத்தைச் சமாளிக்க நாம் செய்வது ஹாஃப் கிளட்ச், அதாவது கிளட்சைப் பாதி மிதித்தபடியே ஓட்டுவது. ஒரு முறை கிளட்ச் கழற்றியபோது மெக்கானிக் அந்தப் பிளேட்டை என் கையில் கொடுத்தார். உராயும் பகுதி மொத்தமும் தேய்ந்து, ரிவெட் தலைகள் பளபளவென்று வெளியே தெரிந்தன. பிரஷர் பிளேட்டில் நீலமாகச் சூட்டுத் தழும்புகள், தலைமுடி கருகியதுபோல ஒரு வாடை. "சார், சும்மா இருக்கும்போது உங்க இடது கால் எங்க இருக்கும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் கவனித்தால் என் கால் முழு நேரமும் கிளட்ச் மிதி மேலேயே இருந்தது. விஜயநகர் சிக்னலுக்கு முன்னால் ஒரு கிலோமீட்டருக்குள் 40 முறைக்கு மேல் அதை மிதித்திருந்தேன்.

அந்த மெக்கானிக் சொல்லிக் கொடுத்ததை உங்களுக்கும் சொல்கிறேன். வரிசை ஊர்ந்துகொண்டிருந்தால் முதல் கியரைப் போட்டு, கிளட்சை முழுதாக விட்டுவிடுங்கள். ஆக்ஸிலரேட்டரைத் தொட வேண்டாம். டீசல் இன்ஜின் ஐடிலிங்கிலேயே வண்டியை மெதுவாக, ஒருவர் வேகமாக நடக்கும் அளவில், இழுத்துக்கொண்டு போகும். முன்னால் இரண்டு கார் நீளம் இடம் விட்டால் இது சுலபமாக நடக்கும். ஒட்டிக்கொண்டே போனால் நடக்காது. மேம்பாலம் ஏறும்போது வண்டி பின்னால் உருளாமலிருக்க ஹாஃப் கிளட்சில் பிடித்து நிற்க வேண்டாம், ஹேண்ட் பிரேக் போடுங்கள். சிக்னலில் ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றால் நியூட்ரலுக்கு வந்து இன்ஜினை அணைத்துவிடலாம்.

இடம் விட்டால் பைக் நுழைகிறது என்கிறீர்கள். நுழையும்தான். ஆனால் நுழைந்த பைக் உங்கள் முன்னாலேயே தங்குவதில்லை, அடுத்த இடுக்கைப் பார்த்துப் போய்விடும். இடைவெளி திரும்பவும் வந்துவிடும். ஒரு வாரம் கைபேசியில் நேரம் குறித்துப் பாருங்கள், மூன்று நாள் முட்டி மோதி, மூன்று நாள் இடம் விட்டு. நான் பார்த்தபோது வித்தியாசம் நான்கு நிமிடத்தைத் தாண்டவில்லை. அந்த நான்கு நிமிடத்துக்காகத்தான் கிளட்ச், பிரேக் பேட், டீசல், முட்டி நான்கையும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். உங்கள் கோபம் நியாயமானதுதான். குறுக்கே வருபவர் செய்வது தவறு, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் தவறுக்கு உங்கள் மாத பட்ஜெட்டிலிருந்து பணம் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனசு வரவில்லை.

டீசல் லிட்டர் 92 என்று வைத்தால், 13 கி.மீ. மைலேஜில் மாதம் 800 கி.மீ.க்கு உங்களுக்கு 5,660 ரூபாய் ஆகிறது. இந்தப் பழக்கம் மாறி 16 கி.மீ. கிடைத்தால் 4,600. புது பெட்ரோல் கார் இதே நெரிசலில் 14 கி.மீ. கொடுத்தால், லிட்டர் 101 விலையில் 5,770 ஆகும். அதாவது புதுக் கார் வாங்கினால் எரிபொருளில் ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை. நீங்கள் கார் வாங்கிய 2012-ல் டீசலுக்கும் பெட்ரோலுக்கும் லிட்டருக்கு 25 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்த பிறகு அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. டீசல் லாபம் என்ற பழைய கணக்கை வைத்து மச்சான் பேசுகிறார் என்று நினைக்கிறேன்.

மச்சான் சொல்லும் டீசல் எஸ்.யூ.வி. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டியாக இருந்தால், உங்கள் பயணத்துக்கு அது வேண்டவே வேண்டாம். அதில் கரித்துகளைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப். என்ற வடிகட்டி இருக்கும். நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓடிச் சூடானால்தான் அந்தக் கரி எரிந்து போகும். தினமும் 15 கி.மீ. ஊர்ந்து போகும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும், மாற்றப் பெரிய தொகை ஆகும். உங்கள் பழைய காரில் அந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் மாதம் இரண்டு முறை ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டு வரை ஒரே சீராக ஓட்டிவிட்டு வாருங்கள், இன்ஜினுக்கு நல்லது.

சரி, பெரிய கணக்குக்கு வருவோம். 10 லட்சம் ஆன்ரோடு விலையில் ஒரு லட்சத்துக்கு மேல் ஆயுள் வரிக்கே போகும். விற்கும்போது அது திரும்பி வராது. பழைய கார் 1.6 லட்சம், டெபாசிட்டிலிருந்து 1.4 லட்சம் போட்டு, மீதி 7 லட்சத்தை 9 சதவீத வட்டியில் 5 வருடத்துக்கு எடுத்தால் தவணை 14,531 ரூபாய். உங்களிடம் மிஞ்சுவதே 12,000. அப்படியானால் எஸ்.ஐ.பி.யில் கை வைக்க வேண்டும், அதுவும் மகள் கல்லூரிக்குப் போகும் நேரத்தில். 7 வருடக் கடன் எடுத்தால் தவணை 11,300-க்கு இறங்கும், ஆனால் வட்டி மட்டும் 2.46 லட்சம் ஆகிவிடும். ஷோரூமில் தவணையைச் சொல்வார்கள், இந்தத் தொகையை நீங்களாகக் கேட்டால்தான் சொல்வார்கள்.

மூன்று வருடத்தை எடுத்துக்கொள்கிறேன். புதுக் காரில் முன்பணம், 36 தவணை, பாக்கிக் கடன் 3.18 லட்சம், இரண்டு வருட இன்ஷூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் சேர்த்து, மூன்றாம் வருட முடிவில் கார் 6 லட்சம் பெறும் என்று கழித்தால், மாதம் சுமார் 16,700 ரூபாய் செலவு. பழைய காரில் இப்போதைய 38,000, ஆர்.சி. புதுப்பிக்க 15,000, வருடம் 25,000 பராமரிப்பு, 7,000 இன்ஷூரன்ஸ், விற்பனை விலையில் 80,000 குறைவு என்று தாராளமாகவே போட்டாலும் மாதம் 6,400-ஐத் தாண்டவில்லை. எரிபொருள் இரண்டுக்கும் பொது. வித்தியாசம் மாதம் 10,000 ரூபாய்க்கு மேல்.

அதனால் 38,000 செலவு செய்யுங்கள். காரை இன்னும் மூன்று வருடம் வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சும் 12,000-ல் 10,000-ஐ சம்பளம் வந்த மறுநாளே வங்கி ஆர்.டி.யில் (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போட்டால், 6.5 சதவீதத்தில் மூன்று வருடத்தில் 3.98 லட்சம் இருக்கும். பழைய காரின் விலையும் சேர்ந்தால் அடுத்த காருக்குப் பாதிப் பணம் உங்கள் கையிலேயே இருக்கும்.

முட்டி வலியை மட்டும் நான் கணக்கில் அடக்க மாட்டேன். தேய்ந்த கிளட்ச் மிதி கனமாகிவிடும். புதிது போட்டால் நன்றாக இலகுவாகும். மிதிக்கும்போது கிளட்சை விலக்கும் ரிலீஸ் பேரிங்கையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் இன்னொரு முறை கியர்பாக்ஸைக் கழற்றும் கூலி தண்டம். வாரம் இரண்டு நாள் பேருந்தில் போய்ப் பாருங்கள். அப்புறமும் வலித்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் கிளட்ச் மிதிக்கவே கூடாது என்றால் என் பதில் மாறும்: அப்போதும் 10 லட்சம் புதுக் கார் வேண்டாம், 4 முதல் 5 லட்சத்துக்குள் நல்ல பழைய பெட்ரோல் ஏ.எம்.டி. பாருங்கள். ஒன்று ஞாபகம் இருக்கட்டும், ஏ.எம்.டி.யிலும் உள்ளே இருப்பது கிளட்ச் பிளேட்தான். ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தே நின்றால் அதுவும் கருகும். டெல்லி வண்டி மலிவு என்று யாராவது கொண்டுவந்தால், தடையில்லாச் சான்று, இங்கே கட்ட வேண்டிய ஆயுள் வரி இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அந்த மலிவு போய்விடும்.

இன்ஷூரன்ஸில் இவ்வளவு பழைய காருக்கு மூன்றாம் நபர் பாலிசி போதும் என்று பலர் சொல்வார்கள். 2022-ல் நிர்ணயித்த கட்டணப்படி உங்கள் காருக்கு அது வருடம் 3,416 ரூபாய், வரி தனி. வேறு ஊரில் இருந்தால் நானும் சரி என்பேன். மேடவாக்கத்திலும் பள்ளிக்கரணையிலும் 2015-லும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் எத்தனை கார்கள் தண்ணீரில் நின்றன என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். மூன்றாம் நபர் பாலிசியில் அதற்கு ஒரு பைசா வராது. முழு பாலிசியே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பம்பரில் ஆட்டோ உரசியதற்கெல்லாம் கிளைம் போடாதீர்கள். பத்து வருடம் தாண்டிய காரில் உலோகப் பாகத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் பாதி விலையைத் தேய்மானம் என்று கழிப்பார்கள், மேலும் கட்டாயப் பிடித்தம் 1,000 ரூபாய், கூடவே கிளைம் போடாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளைம் போனஸும் போய்விடும். அந்த போனஸ் உங்கள் பெயரில் சேர்வது. பின்னால் புதுக் கார் வாங்கும்போது அதை அந்தக் காருக்கு மாற்றிக்கொள்ளலாம், 50 சதவீதம் வரை. தண்ணீர் புகுந்த வண்டியை மட்டும் தயவுசெய்து ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். அதனால் இன்ஜின் போனால் சாதாரண பாலிசியில் பணம் வருவது கடினம்.

ஆர்.சி. புதுப்பிப்புக்கு 2022 ஏப்ரல் முதல் காருக்கு 5,000 ரூபாய் கட்டணம்; அதற்கு முன் 600 ஆக இருந்தது. பசுமை வரி, புகைச் சான்று, சோதனைக்கு முன் செய்ய வேண்டிய சில்லறை வேலைகளுக்கும் சேர்த்துத்தான் மேலே 15,000 வைத்தேன். காலாவதிக்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், உங்களுக்கு அது 2026 டிசம்பரில் வரும். இப்போது சஸ்பென்ஷன் வேலைக்காக வண்டியை லிஃப்டில் தூக்கும்போது நீங்களும் கீழே நின்று பாருங்கள். அடித்தட்டிலும் வீல் ஆர்ச் உள்பக்கத்திலும் ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உள்ளே போகும் அளவுக்குத் துரு இருந்தால், 38,000 கொடுப்பதற்கு முன் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அப்படி இருந்தால் டீலர் சொன்ன 1.6 லட்சத்தைப் பற்றித் திரும்பப் பேசலாம்.