பூசினாற்போன்ற உடலுக்கு ரெட்ரோ ஃப்ராக்: கேள்வி பதில்

1940கள் முதல் 1970கள் வரையிலான பழைய பாணியில், அதாவது ரெட்ரோவாக, உடுத்த ஆசைப்படும், பூசினாற்போன்ற உடல்வாகு உள்ள தோழிகளின் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை. பதில்களில் 'இடுப்பு' என்று வருவது தொப்புளுக்குச் சற்று மேலே, பக்கவாட்டில் சாய்ந்தால் மடியும் இடம். 'ஹிப்' என்பது உட்காரும் பகுதியின் மிக அகலமான சுற்று. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் எந்த அளவும் சரியாக வராது.

சுதா: அக்கா, எனக்கு மார்பு 44 இன்ச், இடுப்பு 37, ஹிப் 47. பழைய பாணி ஃப்ராக் போட ஆசை. "உன் உடம்புக்கு தொளதொளன்னு ஏதாவது போடு" என்கிறார்கள். எந்தக் காலத்துப் பாணியிலிருந்து தொடங்கலாம்?

பதில்: அப்படிச் சொல்பவர்கள் இன்ச் டேப்பைப் பார்க்கவில்லை, சுதா. உங்கள் இடுப்பு மார்பைவிட 7 இன்ச், ஹிப்பைவிட 10 இன்ச் சின்னது. தொளதொள உடை மார்பின் நுனியிலிருந்து நேராகக் கீழே விழும். இடுப்பு இருப்பதே தெரியாமல் உங்களை மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாகக் காட்டும்.

ஐம்பதுகளின் பாணி இந்த வித்தியாசத்தை நம்பியே உருவானது. பிரெஞ்சு உடை வடிவமைப்பாளர் கிறிஸ்தியன் தியோர் 1947 பிப்ரவரியில் பாரிஸில் காட்டிய 'நியூ லுக்' உடைகளில் மேல்பாகம் இடுப்பை ஒட்டிப் பிடிக்கும், பாவாடை அங்கிருந்து விரியும். ஹிப் உருண்டு தெரிய வேண்டும் என்று உள்ளே திணிப்புகூட வைத்தார்கள். உங்களுக்கு அது தேவையே இல்லை.

நாற்பதுகளையும் விட்டுவிடாதீர்கள். போர்க்காலத்தில் துணிக்குத் தட்டுப்பாடு, பிரிட்டனில் 1941 முதல் 1949 வரை ரேஷன். அதனால் பாவாடைகளில் கொசுவத்தைக் குறைத்து, ஆறு பீஸ் வெட்டிச் சேர்த்தார்கள். இந்த வெட்டு ஹிப்பின் மேல் வழுக்கிக்கொண்டு இறங்கி முழங்கால் அருகே லேசாக விரியும். இடுப்பில் ஒரு மடிப்பு துணிகூடச் சேராது. ஹிப் பெரிதாக உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல பாவாடை வெட்டு இல்லை என்பது என் கருத்து. முதல் உடையாக இதையே எடுங்கள்.

கவிதா: எனக்கு இடுப்பே இல்லை மேடம். மார்பு 46, வயிறு 46, ஹிப் 45. ரெட்ரோ என்றாலே எல்லாரும் பெல்ட் கட்டச் சொல்கிறார்கள்.

பதில்: பெல்ட்டை மறந்துவிடுங்கள். அது வயிற்றின் மேல் ஏறி உட்காரும், இல்லையென்றால் கீழே சரியும். ரெட்ரோ என்பது ஐம்பதுகளோடு முடிந்துவிடவில்லை. தியோர் 1957இல் இறந்த பிறகு அவர் நிறுவனத்துக்காக ஈவ் சான் லொரான் 1958இல் 'டிரப்பீஸ்' என்ற வெட்டைக் கொண்டுவந்தார். தோள் கச்சிதமாக இருக்கும், அங்கிருந்து கீழே முக்கோணமாக விரியும். அறுபதுகளின் ஏ-லைன் ஃப்ராக் எல்லாம் இந்த வழியில் வந்தவைதான்.

உங்களுக்கு இதில் மூன்று விஷயம் சரியாக இருக்க வேண்டும். தோள் தையல் உங்கள் தோள் எலும்பின் முனையிலேயே உட்கார வேண்டும், அரை இன்ச் இறங்கினாலும் கூடாரமாகிவிடும். மார்புக்கு டார்ட், அதாவது உடல் வளைவுக்கு ஏற்பத் துணியைக் கூராக மடித்துத் தைக்கும் பிடிப்பு, கட்டாயம் வேண்டும். பக்கத் தையலில் இடுப்பருகே தொடங்கி மார்பை நோக்கிச் சாய்வாக ஏறும் நீள டார்ட் உங்களுக்கு மிகவும் பொருந்தும். அது இல்லாவிட்டால் முன்பக்கக் கீழ் ஓரம் தூக்கிக்கொண்டு, பின்பக்கத்தைவிட ஓர் இன்ச், இரண்டு இன்ச் குட்டையாகத் தெரியும். மூன்றாவது, நீளம் முழங்கால் மூட்டுக்குச் சற்று மேலே. கால்தான் இந்தப் பாணியின் அழகு.

ரம்யா: அந்தக் காலத்து அசல் பேட்டர்ன் (துணி வெட்டுவதற்கான தாள் மாதிரி) ஒன்று கிடைத்தது. அளவு 16 என்று போட்டிருக்கிறது. நான் இப்போது போடுவதும் 16தான், அப்படியே வெட்டலாமா?

பதில்: வெட்டாதீர்கள்! 1956க்கு முந்தைய பேட்டர்னில் 16 என்றால் மார்பு 34 இன்ச். 1956 முதல் 1967 வரை அதே 16க்கு 36 இன்ச். 1968க்குப் பிறகு 38 இன்ச். எண்ணைப் பார்க்காமல், உறையில் அச்சிட்டிருக்கும் மார்பு அளவை மட்டும் பாருங்கள்.

18½, 22½ என்று அரை எண் போட்ட பேட்டர்ன்களும் உடைகளும் கண்ணில் பட்டால் விடாதீர்கள். இவை உயரம் குறைந்த, இடுப்பு பருத்த பெண்களுக்கென்றே வரைந்த 'அரை அளவு' வகை. முதுகின் நீளம் குறைத்து, இடுப்பும் மேல்கையும் தாராளமாக வைத்திருப்பார்கள். சாதாரண பேட்டர்னைப் பெரிதாக்குவதைவிட இதில் வேலை பாதி மிச்சம்.

நஸ்ரின்: எந்த ஃப்ராக் வாங்கினாலும் மார்புக்குச் சரியாக இருந்தால் தோள் தொங்குகிறது, கழுத்து அகன்று நிற்கிறது. தோளுக்குச் சரியாக இருந்தால் மார்பில் இறுக்கம். நானே தைப்பேன்.

பதில்: பேட்டர்ன் நிறுவனங்கள் பெரும்பாலும் பி கப் அளவுக்கே வரைகின்றன. அதாவது மார்பின் முழுச் சுற்று, மேல்மார்புச் சுற்றைவிட 2 இன்ச் மட்டுமே அதிகம் என்ற கணக்கு. மேல்மார்பு என்பது டேப்பை அக்குள் வழியாக, மார்புக்கு மேலே சுற்றி எடுக்கும் அளவு. உங்களுக்கு மேல்மார்பு 40, முழு மார்பு 44 என்று வைத்துக்கொள்வோம். 44க்கான பேட்டர்னை எடுத்தால் தோளும் கழுத்தும் உங்கள் எலும்புக்குப் பெரிதாகவே வரும். 42க்கானதை எடுங்கள், குறையும் 2 இன்ச்சை மார்பில் மட்டும் சேருங்கள்.

முன்பாகத்தில் ஒரு பாதிக்கு 1 இன்ச். பேட்டர்ன் தாளில் மார்பு நுனியைக் குறித்து, அங்கிருந்து நேர் கீழே இடுப்பு வரை ஒரு கோடு, மேலே ஆர்ம்ஹோலின் (கை இணையும் வளைவின்) கீழ்ப்பகுதி வரை ஒரு கோடு, பக்க டார்ட்டின் நடுவழியாக ஒரு கோடு போடுங்கள். மூன்றையும் வெட்டுங்கள், ஆனால் ஆர்ம்ஹோல் ஓரத்திலும், டார்ட் கோடு மார்பு நுனியைத் தொடும் இடத்திலும் ஒரு நூல் அளவு தாள் ஒட்டியிருக்கட்டும், அவைதான் கீல். மார்பு நுனியில் 1 இன்ச் இடைவெளி வரும்வரை பக்கப் பகுதியை நகர்த்தினால், பக்க டார்ட் தானாகவே அகலமாகும். இப்போது பக்கப் பகுதி நடுப்பகுதியைவிடக் கீழே இறங்கியிருக்கும். நடுப்பகுதியைக் குறுக்கே வெட்டி அதே அளவு இறக்கி, கீழ் ஓரத்தைச் சமமாக்குங்கள். இடுப்பிலும் 1 இன்ச் கூடியிருக்கும், அதை இடுப்பு டார்ட்டில் பிடித்துவிடுங்கள்.

பலர் கோட்டை விடுவது டார்ட்டின் முனையில். அதை மார்பு நுனி வரை தைத்தால் கூம்பு போலக் குத்திட்டு நிற்கும். நுனிக்கு 1½ முதல் 2 இன்ச் முன்பே முடியுங்கள். எந்த பிராவோடு போடப்போகிறீர்களோ அதையே அணிந்து அளவெடுங்கள். பிரா மாறினால் மார்பு நுனி ஓர் இன்ச் ஏறும், இறங்கும்.

தேவி: குடைப் பாவாடையும், அதை விரித்துக்காட்ட உள்ளே போடும் நெட் உள்பாவாடையான கேன்கேனும் போட்டால் இடுப்பில் மூட்டை கட்டியது போல இருக்கிறது அக்கா. எனக்கு ஒத்துவராதா?

பதில்: நன்றாக ஒத்துவரும். துணி எங்கே குவிகிறது என்பதுதான் பிரச்சினை. சுருக்கம் வைத்த பாவாடையில் இடுப்பைப்போல் இரண்டு, மூன்று மடங்கு துணி இடுப்பிலேயே திரண்டு நிற்கும். வட்டமாக வெட்டிய குடைப் பாவாடையில் இடுப்பில் சுருக்கமே இருக்காது, விரிவு முழுவதும் கீழேதான்.

இடுப்பு 38 என்றால் முழு வட்டத்துக்கு 38ஐ 6.28ஆல் வகுங்கள், 6 இன்ச் ஆரம். அரை வட்டத்துக்கு 3.14ஆல் வகுத்தால் 12 இன்ச். பாவாடை நீளம் 26, தையலுக்கு 1 என்று வைத்தால், 44 இன்ச் அகலத் துணியில் முழு வட்டத்துக்குச் சுமார் 3.4 மீட்டரும் அரை வட்டத்துக்கு 2 மீட்டரும் ஆகும். அலுவலகத்துக்கு அரை வட்டம் போதும். ஆரத்தைக் கணக்கைவிடக் கால் இன்ச் குறைத்தே வெட்டுங்கள், கிராஸில் (துணியின் இழைகளுக்குச் சாய்வாக) வரும் இடங்கள் இழுபட்டு இடுப்பு வட்டம் பெரிதாகிவிடும். வெட்டியதும் அந்த ஓரத்தில் ஒரு தையல் ஓட்டிவிடுங்கள். தைத்த பாவாடையை ஒரு நாள் முழுக்க ஹேங்கரில் தொங்கவிட்ட பிறகே கீழ் ஓரம் மடியுங்கள். கிராஸ் பகுதிகள் இறங்கிவிடும், உடனே மடித்தால் இரண்டு பக்கமும் வால் தொங்கும்.

கேன்கேனில் எலாஸ்டிக் இடுப்பு வேண்டாம். இடுப்பிலிருந்து 7 இன்ச் வரை வழுவழுப்பான துணியில் தட்டையான பட்டி, பக்கத்தில் ஹூக். அதற்குக் கீழேதான் நெட் தொடங்க வேண்டும். உங்கள் ஹிப் 48 என்றால் முதல் அடுக்குக்கு 72 இன்ச், இரண்டாம் அடுக்குக்கு 144 இன்ச் நெட் எடுத்துச் சுருக்குங்கள். நெட்டின் வெட்டு ஓரத்தை சாட்டின் ரிப்பனால் மூடாவிட்டால் தொடையைச் சுரண்டிவிடும். மொத்த நீளம் பாவாடையைவிட ஓர் இன்ச் குறைவு.

தொடை உரசி எரிச்சல் வருகிறது என்று தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். கேன்கேனுக்குள் தொடையின் நடு வரை வரும் மெல்லிய பருத்தி-எலாஸ்டேன் ஷார்ட்ஸ் போடுங்கள். உள் தொடையில் தையல் வராத வெட்டாகப் பாருங்கள்.

ஜெயந்தி: ஒட்டிப் பிடிக்கும் பென்சில் ஃப்ராக் போட்டால் பின்னால், இடுப்புக்கு மேலே, குறுக்காக ஒரு மடிப்பு விழுகிறது. அளவு சின்னதா?

பதில்: இரண்டு காரணங்களில் ஒன்றாக இருக்கும். கண்ணாடிக்குப் பக்கவாட்டில் நின்று உடையைக் கீழே இழுத்துவிட்டு, பத்து அடி நடந்து வந்து பாருங்கள். மடிப்பு முதலில் மறைந்து, நடந்ததும் திரும்ப வந்தால் ஹிப்பில் இறுக்கம். உடை தனக்கு இடம் தேடி மேலே ஏறுகிறது. பக்கத் தையலைப் பிரித்து ஹிப்பில் மொத்தம் 1 முதல் 2 இன்ச் விடுங்கள். துளிகூட நீளாத துணியில் ஹிப்புக்கு 3 இன்ச் தளர்வு இல்லாமல் உட்கார முடியாது.

நிற்கும்போதே, இழுத்தாலும் மடிப்பு போகவில்லை என்றால் உங்கள் முதுகு இடுப்பருகே உள்வாங்கியிருக்கிறது, முதுகுத் துணி நீளம் அதிகம். மிஞ்சும் துணியைக் குண்டூசியால் பிடியுங்கள், நடுமுதுகில் அரை இன்ச் முதல் முக்கால் இன்ச் வரை, பக்கத் தையலில் பூஜ்ஜியம். அந்த அளவை இடுப்புத் தையலில் எடுத்துவிட்டால் போதும். இடுப்புத் தையல் இல்லாத ஒரே நீள வெட்டில் இதைச் சரிசெய்வது கஷ்டம், வாங்கும்போதே தவிர்த்துவிடுங்கள்.

ப்ரியா: சட்டை மாதிரி முன்னால் பட்டன் வைத்த ஃப்ராக் மார்பில் வாய் பிளக்கிறது. ஒரு பக்கத்தை மறுபக்கத்தின் மேல் சுற்றிக் கட்டும் ராப் டிரெஸ்ஸும் திறந்துகொள்கிறது.

பதில்: பட்டன்களைக் கழுத்திலிருந்து சம இடைவெளியில் வைத்துக்கொண்டே வருவதால் வரும் வினை அது. முதல் பட்டனை மார்பு நுனிகளுக்கு நேர் நடுவே வையுங்கள், அதிலிருந்து மேலும் கீழும் பிரித்துக்கொண்டு போங்கள். ஏற்கனவே தைத்த உடை என்றால் அந்த இடத்தில் உள்பக்கமாக ஒரு பிரஸ் பட்டன்.

வடிவமைப்பாளர் டயான் வான் ஃபர்ஸ்டன்பெர்க் 1974இல் பிரபலமாக்கிய ராப் டிரெஸ் பூசினாற்போன்ற உடலுக்கு வரம், எடை கூடிக் குறைந்தாலும் கட்டு மாற்றிக் கட்டலாம். அதில் கழுத்து ஓரம் கிராஸில் வருவதால் இழுபடும். இழுபடாத மெல்லிய டேப் ஒன்றை அந்த ஓரத்தைவிட அரை இன்ச் குறைவாக வெட்டி, மார்புப் பகுதியில் லேசாக இழுத்துப் பிடித்துத் தைத்தால் ஓரம் உள்நோக்கி அணைந்து நிற்கும்.

லதா: பிடரியில் கயிறு கட்டும் ஹால்டர் கழுத்து ஃப்ராக் போட்டால் ஒரு மணி நேரத்தில் பிடரி வலிக்கிறது.

பதில்: மார்பின் பாரம் முழுவதும் கழுத்துக் கயிற்றில் தொங்குகிறது, அதனால்தான். பாரத்தை இடுப்புக்கு மாற்றுங்கள். உள்ளே, இடுப்புத் தையலோடு 1 இன்ச் அகல கெட்டி ரிப்பன் ஒன்று, இடுப்பைவிட 1 இன்ச் குறைவாக. டார்ட் இருக்கும் இடங்களில் மட்டும் பிடித்துத் தைத்து, ஜிப் அருகே இரண்டு முனையையும் விட்டு ஹூக் வையுங்கள். முதலில் ஹூக், பிறகு ஜிப். ஜிப் கிழிவதும் இதனால் நின்றுவிடும். மார்புக்கடியில் தாங்க, பக்கத் தையல்களில் சுருள் எஃகுக் கம்பி செருகுங்கள். பிளாஸ்டிக் கம்பி உடல் சூட்டில் வளைந்து அப்படியே நின்றுவிடும்.

மாலதி: அசல் பழைய உடை வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் அக்குள். வியர்வையால் அங்கேதான் துணி மக்கும், வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடுத்தது பக்கத் தையலுக்குள் மீதம் விட்டிருக்கும் துணி. நான்கு ஓரத்திலும் அரை இன்ச் விட முடிந்தால் மொத்தம் 2 இன்ச் கிடைக்கும், ஆனால் பழைய தையல் கோடு வெளுக்காமல் அடர்ந்த நிறத்தில் தெரியலாம். மேல்கை இறுக்கமென்றால், அக்குளில் 4 இன்ச் சதுரத் துணியை வைரக்கல் வடிவில் செருகலாம். ஐம்பதுகளின் தையற்காரர்களே செய்த வேலைதான் அது.

ரேயான் கிரேப் துணியைத் தண்ணீரில் நனைக்காதீர்கள், பார்க்கப் பார்க்கச் சுருங்கும். நேரில் பார்க்காமல் வாங்கினால் விற்பவரிடம் உடையைத் தட்டையாக வைத்து மார்பு, இடுப்பு, ஹிப், மேல்கை, தோள் முதல் இடுப்புத் தையல் வரையிலான நீளம் ஆகிய ஐந்தையும் கேளுங்கள். மார்பு, இடுப்பு, ஹிப், மேல்கை நான்கையும் இரண்டால் பெருக்கி, உட்கார்ந்த நிலையில் எடுத்த உங்கள் அளவோடு ஒப்பிடுங்கள். இடுப்பில் 2 இன்ச்சாவது மிச்சம் இல்லையென்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.